மூன்றாவது தடவை கேட்டிருந்தால்

வின்னிபெக், கனடா
அக்டோபர் 9, 1994

அன்புள்ள கும்பாரே வெனான்சியோ,

நலமா? உன் முழங்கால் நலமா? இங்கே குளிர் வந்துவிட்டது. மேப்பிள் மரங்கள் மொட்டையாகிவிட்டன, நானும் அப்படியே.

என் சலூத் அக்காவின் அடக்கத்துக்கு வந்தபோது உன் வீட்டில் தங்கி உன்னைப் படுத்தி எடுத்தேன். உன் தங்கை மகள் லிகாயாவிடம் சொல், அவள் பொரித்த பால்மீனின் பூண்டு மணம் என் கோட்டை விட்டுப் போகவே இல்லை. விமானத்தில் பக்கத்து இருக்கை வெள்ளைக்காரி வழி முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். உன் மகனுக்கு நான் ஞானத்தந்தையாகி நாம் கும்பாரேக்கள் ஆன நாள் முதல் எனக்குச் சொந்தத் தம்பி இருந்தால் அது நீதான். அதனால் நன்றி எல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். சோப்பு, டின் மாட்டிறைச்சி, உனக்கு இரண்டு பேனா. கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும்.

இப்போது காரியம். அக்கா போனபின் எங்கள் வீட்டுப் பேதுரு அநாதையாகிவிட்டார். என் பாட்டனார் செய்வித்த சுரூபம், பெரிய வெள்ளிப் பவனியில் முதலில் போகிற சப்பரம். உடுப்பு மாற்றவேண்டும், சக்கரத்துக்கு எண்ணெய் போடவேண்டும், வடம் பிடிப்பவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும். எல்லாவற்றையும் அக்காவே பார்த்துக்கொண்டாள். என் பிள்ளைகளுக்கு இங்கே பேதுருவும் தெரியாது, பவுலும் தெரியாது. பூட்டிய வீட்டில் அவரை விட்டுவைக்க மனம் வரவில்லை.

நீ எடுத்துக்கொள்கிறாயா? உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? உனக்கு ஒரு டெலிபோன் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பேன். யோசித்து எழுது.

உன்
கார்ப்போ


சாந்தா மோனிக்கா, லகுனா, பிலிப்பைன்ஸ்
நவம்பர் 4, 1994

அன்பிற்குரிய கும்பாரே பொலிகார்ப்போ,

உன் கடிதம் கிடைத்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது திருப்தியாக இல்லை, கிழித்துவிட்டேன். இதுவும் எப்படி அமையுமோ தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கல்லறைத் திருநாளுக்கு அக்காவின் கல்லறையைச் சுத்தம் செய்து வெள்ளை பூசலாம் என்று காலையிலேயே வாளியோடு போனேன். யாரோ முந்தியே பூசியிருந்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு மலர் வளையம் வேறு. ரிப்பனில் ‘ருஸ்திகோ மற்றும் குடும்பத்தார்’ என்று பொன் எழுத்து. லாரி வைத்திருக்கிறானே, அவன்தான். நான் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

பேதுரு விஷயம். நீ என்னை நினைத்ததே எனக்குப் பெரிது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நடந்தேன். ஆனால் கும்பாரே, நான் அதற்குத் தகுதியானவன் அல்ல. முதலாவது, நான் உங்கள் குடும்பத்தான் இல்லை. இரண்டாவது, வயதாகிவிட்டது. மூன்றாவது, ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் பவனியின் முதல் சப்பரத்துக்கு ஆசைப்பட்டான் என்று ஊர் பேசும். ஆகையால், இப்போதைக்கு, வேண்டாம் என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருப்பார்கள். யாருமே இல்லை என்றால் அப்போது பார்க்கலாம்.

வீட்டுப் பக்கத்துக் கொட்டகையின் கதவை வேறொரு காரணத்துக்காக அளந்து பார்த்தேன். தற்செயலாகச் சொல்கிறேன், சப்பரம் தாராளமாக உள்ளே போகும். கூரையிலும் ஒழுக்கு இல்லை.

போன ஞாயிறு பக்கத்து வீட்டில் ஞானஸ்நான விருந்து. “வாங்க, சாப்பிடலாம்” என்றார்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், வயிறு சரியில்லை என்றேன். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தேன். வந்திருந்த எல்லோரும் அப்படித்தான். குழம்பு ஆறிப்போயிற்று. நீ போய் இத்தனை வருஷமாகியும் நம் ஊர் மாறவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்றும் உன் அன்புள்ள
வெனான்சியோ


வின்னிபெக்
நவம்பர் 27, 1994

அன்புள்ள கும்பாரே,

உன் பதில் கண்டேன். நீ சொல்வது நியாயம்தான். உன் வயதில் இந்தப் பாரத்தை உன் தலையில் கட்டப் பார்த்தது என் தவறு. இங்கே வந்து நான் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் ஒன்று உண்டு. ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குமேல் வற்புறுத்துவது அவனை அவமதிப்பது.

ருஸ்திகோவோடு டெலிபோனில் பேசினேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் “சரி அண்ணே, நாளைக்கே லாரியோட போய்த் தூக்கிட்டு வந்துர்றேன்” என்றான். அவ்வளவு ஆர்வம். ஆக உன் பாரமும் இறங்கியது, என் பாரமும் இறங்கியது.

இங்கே முழங்கால் அளவு பனி. வாசலைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். லிகாயாவுக்கு என் ஆசீர்வாதம்.

உன்
கார்ப்போ


சாந்தா மோனிக்கா
டிசம்பர் 19, 1994

அன்பிற்குரிய கும்பாரே,

பெட்டி வந்து சேர்ந்தது. சோப்பின் மணம் வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. நீ அனுப்பிய பேனாவால்தான் எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் தடித்து விழுகிறது, பேனாவின் குற்றம் அல்ல.

பேதுரு ருஸ்திகோவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது குறித்து எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பேண்டு வாத்தியத்தோடு அழைத்துப் போனான். நான் முடிதிருத்தும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வந்தோம். லாரியில் பேதுரு, அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு ருஸ்திகோ. ஏதோ கூட்டாளியின் தோளில் போடுவதுபோல. என்னைப் பார்த்ததும் லாரியை நிறுத்தச் சொன்னான்.

“வாத்தியாரே! கணக்குல என்னை ஃபெயில் ஆக்குனீங்களே, ஞாபகம் இருக்கா? இப்பப் பாருங்க, பரலோகத்துச் சாவிய வச்சிருக்கிறவரு யாரு வீட்டுக்குப் போறாருன்னு!”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். “வாழ்த்துகள் ருஸ்திகோ, உன்னைவிடப் பொருத்தமானவர்கள் யார் இருக்கிறார்கள்” என்றேன். மீதித் தலையை வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

லிகாயாவின் வாய் உனக்குத் தெரியும். “ஆசை இருக்கா இல்லையா மாமா? இருந்தா ‘குடு’ன்னு எழுத வேண்டியதுதானே? கொட்டகையக் கூட்டு, கூட்டுன்னு என் உசுர வாங்குனீங்களே, யாரு வந்து குடியிருக்க?” என்று கேட்டாள். கொசுவுக்காகக் கூட்டச் சொன்னேன் என்றேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

விடியற்காலைப் பூசைகள் தொடங்கிவிட்டன. தினமும் போகிறேன். கோயில் வாசலில் அரிசி அடை சுடுகிறார்கள். தனியாகத் தின்ன ஒரு அடை அதிகம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
வெனான்சியோ


வின்னிபெக்
ஜனவரி 22, 1995

அன்புள்ள கும்பாரே,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பாதித் தலை விஷயத்தை ருஸ்திகோ முந்தியே டெலிபோனில் சொல்லிவிட்டான். ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறான் அந்தப் பயல். இங்கே எனக்கு இருமல் என்று கேட்டு உடனே நம் ஊர்க் குட்டி எலுமிச்சை, அந்தக் கலமான்சிச் சாறும் தேனும் குடிக்கச் சொன்னான். கனடாவில் கலமான்சிக்கு எங்கே போவது? மகளை அனுப்பிப் பிலிப்பினோ கடையில் வாங்கிவரச் சொன்னேன். சரியாகிவிட்டது.

சப்பரத்துக்குப் புதுச் சக்கரம் போட்டுவிட்டானாம். போட்டோ அனுப்பியிருந்தான். வண்ண விளக்குகள் எல்லாம் வைத்து, ஒரு விமான நிலையம் மாதிரி இருக்கிறது! என் பிள்ளைகள் முதல் தடவையாக “யார் அப்பா இது?” என்று கேட்டார்கள். அதற்கே அவனுக்குப் புண்ணியம்.

ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் புனித வாரத்துக்கு ஊருக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் வந்து சேருவேன். நம் பேதுருவோடு நடந்து எத்தனை வருஷம் ஆகிறது!

நீ ஏன் இப்போதெல்லாம் சுருக்கமாக எழுதுகிறாய்? பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

உன்
கார்ப்போ


சாந்தா மோனிக்கா
பிப்ரவரி 14, 1995

அன்பிற்குரிய கும்பாரே,

நீ வருவது அறிந்து மகிழ்ந்தேன். இருமல் என்று எனக்கு நீ எழுதவே இல்லையே. பரவாயில்லை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிலவற்றை உன் காதில் போட்டுவைப்பது என் கடமை என்று படுகிறது. நானாக எதுவும் சொல்லவில்லை. ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

பங்குச் சாமியாரின் சமையல்காரி சொல்கிறாள், விளக்குகளின் வெளிச்சத்தில் பேதுருவின் கண்ணீர் தெரியவில்லையாம். ஆண்டவரை மறுதலித்துவிட்டு அழுகிறவர் அவர். இப்போது பார்த்தால் சந்தைக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறாராம். தையற்காரர் சொல்கிறார், புது அங்கியின் நீலம் மிகவும் கூடுதலாம். அந்தக் காலடிச் சேவல் விஷயம் வேறு. ருஸ்திகோ பந்தயச் சேவல் வளர்க்கிறவன் என்பது உனக்குத் தெரியும். சுரூபத்தின் மரச்சேவலுக்குத் தன் செவலைச் சேவலின் நிறத்தை அப்படியே அடித்துவிட்டான். காலில் கத்தி கட்டாததுதான் பாக்கி என்று கோயில் முற்றத்தில் ஒருவர் சொன்னார். நான் சொல்லவில்லை.

அவனுடைய உற்சாகம் காய்ந்த புல்லில் பிடித்த நெருப்புப் போன்றது என்றும் சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். நானும் சேர்ந்து அவன் காலைப் பிடித்து இழுப்பதாக நீ நினைக்கக்கூடாது. எனக்கு அவன்மேல் எந்த வருத்தமும் இல்லை.

நீ தங்குவது பற்றி. நீ வழக்கமாகப் படுக்கும் அறையை லிகாயா ஒழித்துவைத்திருக்கிறாள். புது மெத்தை போட்டிருக்கிறது. ஆனால் என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி, ஏப்ரலில் வெக்கை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ருஸ்திகோவின் வீட்டில் குளிர்சாதனம் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது. கனடாவிலிருந்து வருகிறவனுக்கு அதுதான் சௌகரியம். உனக்கு எது வசதியோ அதைச் செய். என்னை ஒரு பொருட்டாக நினைக்கவேண்டாம்.

வெனான்சியோ


வின்னிபெக்
மார்ச் 1, 1995

அன்புள்ள கும்பாரே,

நீ பெரிய மனதுக்காரன். ருஸ்திகோ தன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். என் சங்கடத்தைப் புரிந்துகொண்டு நீயே சொல்லிவிட்டாய். அங்கேயே தங்கிக்கொள்கிறேன். தினமும் உன் வீட்டுக்கு வருவேன், லிகாயாவின் பால்மீனை விடமாட்டேன்.

சேவல் விஷயம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை ருஸ்திகோவிடம் கேட்டேன். “அண்ணே, மூணு தடவ மறுதலிச்ச அப்போஸ்தலரையே கூவி அழ வச்ச சேவல், அது சோனிச் சேவலாவா இருந்திருக்கும்?” என்றான். அவனிடம் என்ன சொல்வது!

சந்திப்போம்.

உன்
கார்ப்போ


சாந்தா மோனிக்கா
மார்ச் 13, 1995

கார்ப்போ,

இந்தக் கடிதத்தைத் திருத்தி மறுபடி எழுதவில்லை. திருத்தினால் அனுப்பமாட்டேன்.

உன் கடிதம் வந்தபோது லிகாயா பக்கத்தில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, அங்கதான் தங்குறாராமா?” என்றாள். ஆமாம் என்றேன். “நீங்க என்ன எழுதுனீங்க?” சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “சாமி, உங்களுக்குப் புத்தி எப்ப வரும்? ஒரு தடவ பட்டுமா தெரியல?”

அவள் சொன்னது சரி. நான் வேண்டாம் என்று எழுதியபோது வேண்டும் என்றுதான் எழுதினேன். பேதுரு எனக்கு வேண்டும். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே கொட்டகையை அளந்தேன், வேறு எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. கொல்லனிடம் போய்ச் சக்கரத்துக்கு விலை கேட்டேன். வடம் பிடிப்பவர்களுக்கு என்ன சமைப்பது என்றுகூட லிகாயாவோடு பேசிவைத்தேன். நீ இரண்டாவது தடவை கேட்பாய், அப்போதும் கொஞ்சம் இழுத்து எழுதலாம், மூன்றாவது தடவை கேட்டால் சரி என்றுவிடலாம் என்றிருந்தேன். நீயும் இதே தெருவில் பிறந்தவன். முதல் அழைப்புக்கு எவன் உட்காருகிறான்? என் அம்மா அப்படி உட்கார்ந்தவர்களைப் பற்றி என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியாதா?

உனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றால் அது பனியின் வேலை. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கேள்.

எனக்குப் பொறாமை. இந்தச் சொல்லைப் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளின் நடத்தைச் சான்றிதழில் எழுதாமல் தவிர்த்திருக்கிறேன், இப்போது எனக்கே எழுதுகிறேன். ருஸ்திகோவைக் கண்டால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அவன் வீட்டு வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று சந்தைக்குச் சுற்றிப் போகிறேன். தப்பித்தவறி அந்தப் பக்கம் போய், அவன் கொட்டகைக் கதவு திறந்திருந்தால் என்னை அறியாமல் உள்ளே பார்க்கிறேன். போன வாரம் அவன் பேதுருவுக்கு அங்கி மாற்றிக்கொண்டிருந்தான். பித்தான்களை மேலிருந்து போட்டுக்கொண்டு வந்தான், சலூத் அக்கா கீழிருந்துதான் போடுவாள். அதைச் சொல்லலாமா என்று நின்றேன். அவன் திரும்பிப் பார்த்து, “வாங்க வாத்தியாரே, காப்பி சாப்பிடுங்க” என்றான். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேதுருவைக்கூட விட்டுவிடுவேன். உனக்கு இருமல் வந்தது அவனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. நீ என் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டுகிறாய், அவன் பதில் சொல்கிறான், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். என்னைத் தம்பி என்று எழுதியவன் நீ. அவன் உன்னை அண்ணே என்கிறான்.

இதைப் படித்துவிட்டு எனக்கு நேராக ஒரு பதில் எழுது. பேதுருவை வாங்கிக் கொடு என்று கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது.

வெனான்சியோ


வின்னிபெக்
மார்ச் 27, 1995

வெனான்சியோ,

நேராக எழுதச் சொன்னாய். இதற்கு முன் நீயும் நானும் அப்படிச் செய்ததில்லை, எனக்குக் கை வரவில்லை. முயற்சி செய்கிறேன்.

எனக்கு எதுவும் மறந்துபோகவில்லை. இங்கேயும் நம் ஆட்கள் வீட்டு விருந்தில் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் உட்காருகிறோம். பனியைக் குறை சொல்லாதே.

அக்காவுக்கு நோய் முற்றியபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது ருஸ்திகோ. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அவன் லாரியில் மெத்தை போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுபோவான். வராந்தாவில் தரையில் படுப்பான். நீ அவளைப் பார்க்கப் போனாய், பழம் வாங்கிக்கொண்டு போனாய், வாசலில் நின்று விசாரித்தாய், தனியாக இருக்கும் பெண் வீட்டுக்குள் போனால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று திரும்பி வந்தாய். அக்கா எனக்கு எழுதினாள். குறையாக எழுதவில்லை. “வெனான்சியோ கூச்சக்காரன்” என்று மட்டும் எழுதினாள்.

அடக்கத்தன்று பெட்டியை மூடும்போது ருஸ்திகோ என் காதில் கேட்டான். “அண்ணே, பேதுரு எங்கிட்ட இருக்கட்டும்.” அந்த மனிதன் கேட்டு நான் எப்படி இல்லை என்பேன்? என் உயிர் உள்ளவரை அவனுக்குக் கடமைப்பட்டவன் நான். அங்கேயே சரி என்றுவிட்டேன்.

பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவனுக்குக் கொடுத்தேன் என்று ஊருக்குத் தெரிந்தால் உன் முகத்தில் நான் விழிக்க முடியுமா? அதனால் கேட்டேன். நீ வேண்டாம் என்று எழுதுவாய் என்று தெரிந்தேதான் கேட்டேன். கொட்டகைக் கதவு வரியையும் படித்தேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுபோல அடுத்த வரிக்குப் போனேன். நீ முதல் தடவையே சரி என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ அப்படி எழுதமாட்டாய். உன் மரியாதையை நம்பினேன்.

பேதுருவை இனி திருப்பிக் கேட்க முடியாது. முடியாது என்று எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

சொன்னபடி புனித வாரத்துத் திங்கட்கிழமை வருகிறேன்.

பொலிகார்ப்போ


சாந்தா மோனிக்கா
பெரிய வியாழன், ஏப்ரல் 13, 1995
(லிகாயா மூலம், ருஸ்திகோவின் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளிக்கு)

கார்ப்போ,

இரண்டு தெரு தள்ளி இருக்கும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று லிகாயா சிரிக்கிறாள். செவ்வாய்க்கிழமை நீயும் ருஸ்திகோவும் என் வீட்டுக்கு வந்தீர்கள். நாம் மூன்று பேரும் வெக்கையைப் பற்றிப் பேசினோம். பிறகு தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம். நீ என் முழங்காலை விசாரித்தாய், நான் உன் இருமலை விசாரித்தேன். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது, என் கடிதம் உன் பையில் இருந்திருக்கும். நீ வாசலில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாய், பிறகு லிகாயாவின் செம்பருத்தி நன்றாகப் பூத்திருக்கிறது என்றாய். ஆகையால் எழுதுகிறேன்.

அக்காவைப் பற்றி நீ எழுதியது உண்மை. நான் வாசலோடு நின்றேன். ருஸ்திகோ உள்ளே போனான். பேதுரு அவனிடம் இருப்பது நியாயம்தான். இதை எழுதினால் நெஞ்சு எரிச்சல் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. அது நியாயம் பார்த்து வருவதில்லை போலிருக்கிறது.

நேற்று மாலை ருஸ்திகோ தனியாக வந்தான். நீ அவனிடம் ஏதாவது சொல்லி அனுப்பினாயா, அவனாக வந்தானா, எனக்குத் தெரியாது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் இலையில் சுற்றிய இனிப்பு அரிசிக் கட்டு. உட்காரச் சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

“வாத்தியாரே, நாளைக் கழிச்சு பவனி. சப்பரத்து முன்வடத்தை நீங்கதான் பிடிக்கணும். உங்களை விட்டா வேற யாரு?”

“சரி” என்றேன்.

“அய்யய்யோ, அப்படிச் சொல்லப்படாது வாத்தியாரே! நீங்க பெரியவங்க. முழங்கால் முடியலேன்னா நாங்க ஒண்ணும் தப்பா...” என்று சொல்லிக்கொண்டே போனவன் நின்றான். “என்ன சொன்னீங்க?”

“சரி என்று சொன்னேன். எத்தனை மணிக்கு வரவேண்டும்?”

அடுப்படியில் லிகாயாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ருஸ்திகோவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினால் இதே முகத்தோடுதான் நிற்பான்.

“அது வந்து வாத்தியாரே... மூணு மணிக்குப் பவனி கிளம்பும். ஆனா... துணை மேயரோட தம்பி...”

“அவருக்கென்ன?”

“அவரு... நல்லா இருக்காரு” என்றான். முன்னால் இருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு வெந்திருக்கும். பிறகு எழுந்து, குனிந்து, வெளியே போனவன் மழையே இல்லாத தெருவில் குடையை விரித்துக்கொண்டு நடந்தான்.

லிகாயா வந்து என் எதிரில் நின்றாள். “மாமா, முன்வடம் துணை மேயர் தம்பிக்குன்னு போன மாசமே பேசி முடிச்சாச்சு. சந்தையில எல்லாருக்கும் தெரியும். அவர் சும்மா மரியாதைக்குக் கேக்க வந்தாரு.”

எனக்கும் தெரியும் என்றேன்.

 அவள் என் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தாள். இப்போது கொடியில் காய்கிறது.

கார்ப்போ, இதில் நான் கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைக்காதே.  இன்று காலை கோயிலில் துணை மேயரின் தம்பியைப் பார்த்தேன், அவரிடம் போய் நான் வரவில்லை, நீங்களே பிடியுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று மூன்று வரிசை தாண்டினேன். திரும்பி வந்து என் இடத்தில் முழங்காலிட்டேன்.

முன்வடம் எனக்கு இல்லை என்றால் உங்கள் இரண்டு பேரில் ஒருவர் வந்து என்னிடம் சொல்லவேண்டும். ஆள் விட்டுச் சொல்லக்கூடாது. சீட்டு எழுதி அனுப்பக்கூடாது. என் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்து, வெனான்சியோ, நீ வேண்டாம் என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் மனக்குறை இல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதும்.

நாளை பகல் வரை கதவைத் திறந்துவைத்திருப்பேன். நீங்கள் வரமாட்டீர்கள். வந்தாலும் என் முழங்காலை விசாரித்துவிட்டுப் போவீர்கள். இந்தக் கூச்சத்துக்குள்ளேயே வயதானவன் நான், அது எவ்வளவு பலமானது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகையால் மூன்று மணிக்குக் கோயில் முற்றத்துக்கு வருகிறேன். வடத்தின் வலப்பக்கம் என்னுடையது. துணை மேயரின் தம்பியிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெனான்சியோ